வீட்டாரும் விருந்தினரும்: புரொவின்ஸ்டவுன் பற்றிய எழுத்துகளில் ஊர் என்னும் கருத்து

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் மடித்த கைபோல் வளைந்து கிடக்கும் கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் அமைந்த சிற்றூர் புரொவின்ஸ்டவுன். மீன்பிடித் தொழிலால் வளர்ந்து, ஓவியராலும் நாடகக் கலைஞராலும் பெயர்பெற்று, இன்று தன்பாலீர்ப்பினர் மிகுதியாக வாழும் ஊராக அது அறியப்படுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு நிலையாகக் குடியிருப்போர் 3,664 பேர். கோடையிலோ பல்லாயிரவர் வந்து தங்குவர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வொன்றில், ஆயிரம் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 163 ஒருபால் இணையர் குடும்பங்கள் என்னும் விகிதத்துடன் அமெரிக்க ஊர்களுள் இவ்வூர் முதலிடம் பெற்றது. ஊரின் மற்றொரு பெரும்பிரிவினர், போர்த்துக்கலிலிருந்தும் அதற்குரிய அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்த கத்தோலிக்க மீனவரின் வழித்தோன்றல்கள். இவ்விரு சாராரும் ஓர் ஊரினர் ஆனது எவ்வாறு என்னும் வினாவிற்கு இவ்வூரைப் பற்றிய நூல்கள் தரும் விடைகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்குச் சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுபவை ஐந்து நூல்கள். மேரி ஹீட்டன் வோர்ஸ் 1942இல் வெளியிட்ட 'காலமும் ஊரும்', மார்க் டோட்டியின் நினைவு நூலாகிய 'விண்ணகக் கரை' (1996), ஃபிராங்க் கஸ்பாரின் 'பிகோவை நீங்கி' என்னும் நாவல் (1999), மைக்கேல் கன்னிங்ஹாமின் 'நிலத்தின் முடிவு' (2002), கேரன் கிறிஸ்டல் கிராஹுலிக்கின் ஊர் வரலாறு (2005) என்பன அவை. தலைப்புகள் பொருள் நோக்கித் தமிழாக்கப்பட்டுள்ளன. சொல்லாட்சி பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'ஓரினச் சேர்க்கையாளர்' என்னும் வழக்கு ஒரு செயலை மட்டுமே சுட்டி மனிதரை அச்செயலுக்குள் அடக்கிவிடுகிறது. ஓர் ஊரில் வீடு கட்டி, வரி செலுத்தி, நோயுற்றாரைப் பேணி வாழ்ந்தவரைக் குறிக்க அது போதாது. ஆதலின் தன்பாலீர்ப்பினர் என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

இடத்தின் இயல்பு என்னும் விளக்கம்

புரொவின்ஸ்டவுன் குறித்து எழுதியோர் பெரும்பாலும் தரும் விடை ஒன்றே. நிலம் முடியும் இடத்தில் சமூகக் கட்டுப்பாடும் தளர்ந்துவிடுகிறது. ஆதலின் அங்கு எவரும் எவராகவும் இருக்கலாம் என்பது அவ்விடை. கவர்ச்சியுடைய இவ்விடையை ஏற்றால் இணக்கம் என்பது கடலும் மணல்மேடும் தந்த கொடையாகிவிடும். அதற்காக உழைத்தவர் எவரும் இலர் என்றாகும்.

கன்னிங்ஹாமின் நூல் இவ்விளக்கத்தின் மிகச் சிறந்த வடிவமாகும். 'மணித்துளிகள்' என்னும் நாவலுக்காக 1999இல் புலிட்சர் பரிசு பெற்ற இவர், 1980களின் தொடக்கத்தில் அவ்வூரின் நுண்கலைப் பணி மையத்தில் நல்கை பெற்ற இளம் எழுத்தாளராகக் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவர். அம்மையம் 1968இல் தொடங்கப்பட்டது. எழுத்தாளரும் ஓவியரும் ஆள்நடமாட்டமற்ற பருவத்தில் தங்கிப் பணியாற்ற அது வழிசெய்கிறது. தனிமையில் கழிந்த அம்முதற் குளிர்காலத்தைப் பற்றிய பகுதியே நூலின் உயிர்ப்பான பகுதி என்பது தகும். பிற பகுதிகள் நடையின் வடிவில் அமைந்தவை. ஆசிரியர் மணல்வெளியில் நடக்கிறார், கடைத்தெருவில் நடக்கிறார், கண்டவற்றை அன்போடு சொல்லிச் செல்கிறார். நடப்பவர் வீடுகளை வெளியிலிருந்தே காண்பர் என்பதுதான் இவ்வடிவத்தின் குறை. போர்த்துக்கீசிய வழியினர் நூலில் இடம்பெறாமல் இல்லை. ஆயினும் படகு, வலை, பழைய பெயர்ப்பலகை என்பவற்றோடு ஒருங்கே வைக்கப்பட்டு, ஊரின் நிறமாகவே பெரிதும் நின்றுவிடுகின்றனர். எழுத்தாளர் பலர் தங்கிச் சென்ற வீடுகளில் படுக்கை விரித்தவர் யார், வாடகை எவ்வளவு என்று கேட்க நடைநூலுக்கு நேரமில்லை.

இவ்வினாவை நோக்கி அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அடியெடுத்து வைத்தவர் வோர்ஸ். 1907இல் அவ்வூரில் வீடு வாங்கிய இவர் தொழிலாளர் போராட்டங்களை நேரில் கண்டு எழுதிய இதழாளர். 1912ஆம் ஆண்டு லாரன்ஸ் நெசவாலை வேலைநிறுத்தத்தைப் பதிவு செய்தவர். லூயிஸ் துறைமேடையில் இவருக்கு உரிமையாயிருந்த மீன்கிடங்கில்தான் 1916இல் யூஜின் ஓ'நீலின் முதல் நாடக அரங்கேற்றம் நிகழ்ந்தது. இலக்கிய வரலாற்றில் இவர் பெயர் அவ்வரங்கேற்றத்தின் அடிக்குறிப்பாகவே சுருங்கியது இரங்கத்தக்கது. 'காலமும் ஊரும்' வீடு, துறைமேடை, மீன் வரத்து, மீனவர் வாழ்வு ஆகியவற்றின் வழியாக ஊரைக் காட்டுகிறது. தன்பாலீர்ப்பு 1942இல் வெளிப்படையாகப் பேசப்படும் பொருள் அன்று. ஆதலின் அந்நூலில் அதனைத் தேடுவது பயனற்றது. ஆனால் ஊர் என்பது காட்சியன்று, பிழைப்பு என்னும் பார்வையை அது தந்தது. பின்வந்த இலக்கிய ஆசிரியர் பலர் அப்பார்வையைக் கைக்கொள்ளவில்லை. அதனை மீட்டெடுத்தவர் வரலாற்றறிஞர் ஒருவரே.

வாடகை அறை

கிராஹுலிக்கின் நூல் ஆவணங்களையும் ஊராரின் வாய்மொழிச் சான்றுகளையும் கொண்டு எழுதப்பட்டது. முதற் குடியேறிகள் கால்வைத்த கரை தன்பாலீர்ப்பினரின் ஓய்வுத்தலமாக மாறிய கதை என்று அதன் துணைத்தலைப்பே கூறும். மொழிநடையில் கன்னிங்ஹாமின் நூலோடு அதனை ஒப்பிட இயலாது. கருத்தின் வலிமையில் அதற்கு நிகரான நூல் இவ்வைந்தனுள் வேறில்லை.

இந்நூல் திரட்டித் தரும் செய்திகளின் அடிப்படையில் ஊராதலின் பொருளியலைச் சுருக்கமாகக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரின் செல்வம் திமிங்கில வேட்டையையும் காட் மீனையும் சார்ந்திருந்தது. 1873இல் இருப்புப்பாதை வந்தது. 1898 நவம்பரில் வீசிய 'போர்ட்லண்ட் புயல்' துறைமேடைகள் பலவற்றை அழித்தது. மறு ஆண்டே சார்ல்ஸ் ஹாதார்ன் அங்கு ஓவியப் பள்ளி தொடங்கினார். கடல் தராத வருவாயைக் கோடைக்கால விருந்தினர் தரத் தொடங்கினர். மீனவர் கடலில் இருக்க, அவ்வருவாயை ஈட்டியவர் வீட்டிலிருந்த பெண்களே. மாடி அறையைத் துப்புரவு செய்து, துணி வெளுத்து, சில வீடுகளில் சமைத்தும் போட்டு, வாரக் கணக்கில் அறையை வாடகைக்கு விட்டனர். வந்தவருள் ஓவியர் இருந்தனர், நாடகக்காரர் இருந்தனர். திருமணம் செய்யாத இரு ஆடவர், திருமணம் செய்யாத இரு பெண்டிர் எனச் சேர்ந்து வந்தவரும் இருந்தனர். அவர்கள் யார் என்பதை வீட்டுத் தலைவியர் அறிந்தே இருந்தனர். வாடகை ஒழுங்காக வந்தது. மறு கோடையிலும் அவர்களே வந்தனர். ஞாயிறுதோறும் தவறாது திருப்பலிக்குச் செல்லும் பெண்ணும் அவளது மாடியில் தங்கிய ஆடவர் இருவரும் ஆண்டுக்கணக்கில் பழகிப் பழகி உறவினர் போலாயினர். கோட்பாட்டளவில் ஏற்பது, ஏற்காதது என்னும் பேச்சு அங்கு எழவே வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் 'விருந்து' என்னும் தமிழ்ச்சொல்லின் பொருள் வரலாறு நினைக்கத்தக்கது. அச்சொல் முதற்கண் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு அதனையே பெயராக்கியது. புதியராய் வந்தவர் விருந்தினர். வள்ளுவரின் விருந்தோம்பலில் வாடகை இல்லை என்பது உண்மையே. எனினும் புதியவரை வீட்டின் உள்ளறை வரை கொண்டுசெல்லும் ஆற்றல் அறத்திற்கு மட்டுமன்றி வாடகைக்கும் உண்டு என்பதை இவ்வூர் காட்டுகிறது. பணம் இடையில் இருந்ததால் உறவு பொய் என்று கொள்வது பிழை. பணமே உறவிற்குக் காரணம் என்று முடித்துவிடுவதும் அதே அளவு பிழையாகும். வாடகை கதவைத் திறந்தது. திறந்த கதவு பின்னர் மூடப்படாமைக்கு வேறு காரணங்கள் இருந்தன.

மூட முயன்றோரும் இருந்தனர். 1950களின் தொடக்கத்தில் ஊராட்சிப் பொறுப்பாளர் தன்பாலீர்ப்பினரின் வருகைக்கு எதிராக 'நல்லோர்' அனைவரின் துணையையும் வேண்டி வெளிப்படையாக முறையிட்டனர். ஊரின் இயல்பே பரந்த மனம் என்போர் இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அறை வாடகையை நம்பியிருந்த குடும்பங்கள் அம்முறையீட்டிற்கு முழுமனத்தோடு செவிசாய்த்திருக்க இயலாது என்பது எளிதில் உணரத்தக்கது.

பிற்காலத்து நிகழ்ச்சியொன்றும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. 2004 மே 17 முதல் மாசசூசெட்ஸில் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. வெளிமாநிலத்தார் தம் மாநிலத்தில் செல்லாத திருமணத்தை இங்கு வந்து செய்துகொள்ளக்கூடாது என்று 1913ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்தது. அத்தடையைப் பொருட்படுத்தாது வெளியாருக்கும் உரிமம் வழங்கிய ஒருசில ஊர்களுள் புரொவின்ஸ்டவுனும் ஒன்று. மாநில அரசு தலையிட்ட பின்னரே அது நின்றது. அச்சட்டம் 2008இல் நீக்கப்பட்டது. விருந்தினருக்காக ஊர் சட்டத்தோடு முரண்பட்ட இச்செயலில் கொள்கையும் உண்டு. திருமணங்களால் வரும் விடுதி வருவாயும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தெடுக்க முயல்வது வீண்வேலை.

முன்வந்தோரும் பின்வந்தோரும்

வீட்டார் என்று இதுகாறும் கூறப்பட்டோர் எக்காலத்து வீட்டார் என்னும் வினா எஞ்சுகிறது. அதற்கு விடை தருவது கஸ்பாரின் நாவல். அவ்வூரில் பிறந்து வளர்ந்த அசோர்ஸ் வழியினராகிய இவர், போர்த்துக்கீசியக் குடியிருப்பின் உள்ளிருந்து, ஜோசி என்னும் சிறுவனின் கூற்றாகக் கதையை அமைத்துள்ளார். ஆங்கே போர்த்துக்கீசியரே இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றனர். பிகோ தீவினர் ஒருபுறம், லிஸ்பன் வழியினர் மறுபுறம். ஒருவரை ஒருவர் மதியார். வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஒரே இனமாகத் தோன்றுவோர் உள்ளே இவ்வாறு பிளவுபட்டிருப்பதை நடைநூலால் காட்ட இயலாது. ஜோசியின் பாட்டனார் அவனுக்குச் சொல்லும் கதை இன்னும் நுட்பமானது. கொலம்பசுக்கு முன்னரே தம் மூதாதை ஒருவர் அமெரிக்காவைக் கண்டார் என்பது அக்கதை. பின்வந்தவர் என்று இழிக்கப்பட்ட குடியினர், யாவர்க்கும் முன்வந்தவர் தாமே என்று கதை கட்டிக்கொள்கின்றனர். 1620 நவம்பரில் மேஃபிளவர் கப்பல் முதலில் நங்கூரமிட்டது எங்கள் துறையில்தான் என்று 252 அடி உயரக் கற்கோபுரத்தை 1910இல் கட்டி முடித்தவர்களும் வேறு வகையில் இதே வேலையைத்தான் செய்தனர். அக்கப்பல் வருமுன் அந்நிலத்தில் வாழ்ந்த வாம்பனோவாக் மக்கள் இவ்வுரிமைப் போட்டியில் கருதப்படவே இல்லை.

வீடுகளே குடிபெயர்ந்த ஊர் அது. துறைமுகத்திற்கு எதிரே நீளும் லாங் பாயிண்ட் என்னும் மணல்நாவில் ஒருகாலத்தில் மீனவர் குடியிருப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மக்கள் அதனைக் கைவிட்டபோது வீடுகளைப் பெயர்த்து, நீரில் மிதக்கவிட்டு ஊருக்குள் கொண்டுவந்தனர். அவ்வாறு வந்த வீடுகளில் இன்றும் நீலநிற அடையாளப் பலகைகளைக் காணலாம். இத்தகைய ஊரில் தன்பாலீர்ப்பினர் வெளியார், ஏனையோர் மண்ணின் மைந்தர் என்னும் பகுப்பு நிற்காது. கஸ்பாரின் நாவலை ஓர் இனக்குழுவின் இளமைக் கதை என்று மட்டும் வகைப்படுத்தும் திறனாய்வு அதன் இப்பயனை இழந்துவிடுகிறது.

இரங்கல்

அயல்நாட்டு இலக்கியத்தைத் திணைக் கோட்பாட்டோடு பொருத்திக் காணும் முயற்சிகள் தமிழாய்வில் பெருகியுள்ளன. அவற்றுள் பல, கடல் உண்டு, கழி உண்டு, நாரை உண்டு என்று கருப்பொருள்களை எண்ணுவதோடு அமைந்துவிடுகின்றன. கடற்கரை உள்ள நாடெல்லாம் நெய்தல் ஆகாது. திணை ஒரு கவிமரபு. எனினும் நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கிய சிந்தனை, புரொவின்ஸ்டவுனின் இரு நினைவுச் சின்னங்களை ஒருசேரப் படிக்க உதவுகிறது.

முதலாவது, 2003இல் துறைமேடைக் கட்டடமொன்றின் புறச்சுவரில் துறைமுகத்தை நோக்கி அமைக்கப்பட்ட ஐந்து பெரிய கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள். போர்த்துக்கீசிய வழிவந்த முதிய பெண்கள் ஐவரின் முகங்கள் அவை. நார்மா ஹோல்ட் எடுத்த படங்களைக் கொண்டு ஈவா நோகியெக் இதனை உருவாக்கினார். 'அவர்களும் கடலை எதிர்நோக்கினர்' என்பது அதன் பெயரின் பொருள். கடலில் சென்றவருக்கு எடுக்கப்படும் சின்னங்களே மிகுதி. கரையில் இருந்தவருக்கு எடுக்கப்பட்டது இது. படகில் வருவோர் முதலில் காண்பது இம்முகங்களையே. இரண்டாவது, 2018 ஜூனில் ஊர் மன்றத்தின் அருகே நிறுவப்பட்ட எய்ட்ஸ் நினைவுக்கல். லாரன் யூயிங் வடித்த அக்கல்லின் மேற்பரப்பு முழுவதும் கடலலையாகச் செதுக்கப்பட்டுள்ளது.

இவ்விரு சின்னங்களுக்கும் இடையில் உள்ளது ஒரு வரலாறு. எய்ட்ஸ் நோய் பரவிய தொடக்கத்திலேயே, 1983இல், ஊர்ச் செவிலியராக இருந்த ஆலிஸ் ஃபோலியும் விடுதி நடத்திய பிரஸ்டன் பாபிட்டும் ஆதரவுக் குழுவொன்றைத் தொடங்கினர். நாடெங்கும் நோயாளரைத் தொடவே அஞ்சிய காலம் அது. நோயுற்றோர் பலர் இவ்வூரில் வந்து தங்கினர். சமைத்துக் கொடுக்கவும், நூறு மைலுக்கும் அப்பாலுள்ள பாஸ்டன் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லவும், இரவில் விழித்திருக்கவும் ஆள் வேண்டியிருந்தது. பெண் தன்பாலீர்ப்பினர் பலர் இப்பணியில் முன்நின்றனர். கணவனோ மகனோ கடலில் மாண்ட செய்தியைத் தலைமுறைதோறும் கேட்டுப் பழகிய ஊர், இளைஞர் அடுத்தடுத்து இறப்பதை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை வேறு ஊர்களைவிடச் சற்று முன்னரே அறிந்திருந்தது எனலாம். அறையை வாடகைக்குக் கொடுத்து உருவான பழக்கம் இக்காலத்தில்தான் உறவாக முதிர்ந்தது.

டோட்டியின் 'விண்ணகக் கரை' இக்காலத்தின் முதன்மையான இலக்கியச் சான்று. அவருடைய வாழ்க்கைத் துணைவர் வாலி ராபர்ட்ஸ் 1994 ஜனவரியில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். உப்பங்கழியும், மணல்மேடும், நாய்களோடு செல்லும் நடையும் துயரத்தின் மொழியாக அந்நூலில் மாறுகின்றன. திறனாய்வாளர் இந்நிலக்காட்சிப் பகுதிகளையே பெரிதும் பாராட்டுவர். அதே அளவு கவனிக்கத்தக்கவை வீட்டிற்குள் நிகழும் பகுதிகள்: பராமரிப்பாளர் வருவது, நண்பர் வருவது, நோயாளியின் படுக்கையைச் சுற்றி ஒரு நாளின் வேலைகள் ஒழுங்காவது. துயரம் தனிமனிதருடையது, அதனைத் தாங்கிய ஏற்பாடு ஊருடையது. முன்னதைப் பாடும் மொழி டோட்டியிடம் நிறைய உண்டு. பின்னதை அவர் போகிற போக்கில்தான் சொல்கிறார் என்றாலும், சொல்லியே செல்கிறார்.

மேரி ஆலிவரின் கவிதைகள் இதற்கு மறுதலையானவை. ஒளிப்படக் கலைஞரும் புத்தகக் கடை நடத்தியவருமான மாலி மலோன் குக்குடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரில் வாழ்ந்தவர் இவர். குளங்களும் பறவைகளும் நிறைந்த அவருடைய கவிதையுலகில் ஊரார் அரிதாகவே நுழைகின்றனர். குக் 2005இல் இறந்த பின்னர், 2007இல் வந்த 'நம் உலகம்' என்னும் நூலில்தான் அவ்வில்லறம் உரைநடையில் விரிவாகப் பேசப்பட்டது. மறைத்தார் என்று இதனைப் பழித்தல் தகாது. அண்டை வீட்டார் வினவாமலே அறிந்திருக்கும் ஊரில் எடுத்துச் சொல்லவேண்டிய தேவை எழாமலும் இருக்கலாம்.

நிலத்தின் விலை

நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்பது உரைமரபு. புரொவின்ஸ்டவுனுக்கு உள்ளவை இரண்டே: கோடையும் குளிர்காலமும். கோடை விருந்தினருக்கு உரியது. குளிர்காலத்திலும் அங்கிருப்பவரே ஊரார். கன்னிங்ஹாம் முதல் டோட்டி வரை எல்லோரிடத்தும் இக்கருத்தின் சாயல் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் இருப்பதற்கு வீடு வேண்டும்.

1961இல் கேப் காட் தேசியக் கடற்கரைக் காப்புப்பகுதி உருவாக்கப்பட்டபோது ஊர் நிலத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. மணல்மேடுகள் காக்கப்பட்டன, ஊர் விரிவதற்கு இடமில்லாது போயிற்று. கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் இருந்த வீடுகளின் விலை ஏறியது. மீன்வளம் குன்ற, பழைய குடும்பங்கள் வீடுகளை விற்றன. வாங்கியவருள் விடுதி நடத்த வந்த தன்பாலீர்ப்பினர் பலர். பின்னர் அவர்களாலும் வாங்க இயலாத விலைக்குப் பெருஞ்செல்வர் வாங்கினர். இவ்விடத்தில் பிளவு தன்பாலீர்ப்பினர்க்கும் ஏனையோர்க்கும் இடையில் இல்லை. வீடு உடையார்க்கும் இல்லார்க்கும் இடையில்தான் உள்ளது. 2005இலேயே கிராஹுலிக் இதனைக் கண்டார் என்பது அவர் நூலின் சிறப்பு. இணக்கத்தின் வெற்றியே அவ்விணக்கத்தை உருவாக்கிய மக்களை வெளியேற்றும் விலையாக மாறுவதை அவர் மறைக்கவில்லை. இதனை மீனவர் குடும்பங்களின் வெளியேற்றமாகவும், அதற்குத் தன்பாலீர்ப்பினரே பொறுப்பு என்றும் சுருக்கிக் கூறுவோர் உண்டு. மீன்வளமும் நிலச்சட்டமும் அக்கூற்றில் விடுபட்டுப் போகின்றன.

குழந்தைகளுள்ள குடும்பங்கள் குறைந்தமையால் புரொவின்ஸ்டவுன் உயர்நிலைப்பள்ளி 2013இல் மூடப்பட்டது. இறுதி வகுப்பில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர் எண்மர்.

அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை மட்டும் நிற்கவில்லை. அண்மைப் பதிற்றாண்டுகளில் அதனைச் செய்ய ஜமைக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பருவகால நுழைவுரிமை பெற்றுத் தொழிலாளர் வருகின்றனர். ஒரு காலத்தில் போர்த்துக்கீசியப் பெண்கள் தம் வீட்டில் விரித்த படுக்கையை இவர்கள் பிறர் விடுதியில் விரிக்கின்றனர். பருவம் முடிந்ததும் திரும்பவேண்டியவர் ஆதலின் குளிர்காலத்தைக் கொண்டு ஊராரை வரையறுக்கும் அளவுகோலில் இவர்கள் ஊரார் ஆகார். டோட்டி, கஸ்பார், கன்னிங்ஹாம் ஆகியோருடைய நூல்களின் மையத்தில் இவர்களுக்கு இடமில்லை. துறைமேடை உழைப்பையும் நெசவாலை உழைப்பையும் ஒரே பேனாவால் எழுதிய வோர்ஸின் வீடு அண்மையில் புதுப்பிக்கப்பட்டுக் கலைஞர் தங்கும் மையமாக விளங்குகிறது. கோடையில் அங்கு விருந்தினர் வருகின்றனர்.